கண்ணைப் பட்டியலாகப் படிக்காதீர்கள்: ஆப்டோமெட்ரி வேலைத் தேர்வுக்கு உடற்கூறு படிக்கும் வழி

முதல் முறை தேர்வு எழுதப் போனபோது, கண்ணின் முகப்பில் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவின் அடுக்குகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். எபிதீலியம், போமன், ஸ்ட்ரோமா, டெசிமெட், எண்டோதீலியம். தேர்வில் யாரும் அந்த வரிசையைக் கேட்கவில்லை. அழிந்துபோனால் மறுபடி உருவாகாத சவ்வு எது என்று கேட்டிருந்தார்கள். போமனுக்கும் டெசிமெட்டுக்கும் நடுவில் ஊசலாடிவிட்டு டெசிமெட்டை அழுத்தினேன். தப்பு. டெசிமெட்டை எண்டோதீலியம் மறுபடி சுரந்துகொள்ளும். போமன் போனால் போனதுதான், தழும்புதான் மிஞ்சும்.

பெயர் தெரிந்திருந்தது, அது அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பது தெரியவில்லை. அந்த வருடம் எனக்குப் போன மதிப்பெண்களில் பாதி இந்த மாதிரிதான் போனது. அடுத்த முறை படித்த விதத்தை மாற்றிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிப்ளமோவோ பட்டமோ முடித்துவிட்டு முதல் முறையாக அரசு வேலைத் தேர்வுக்கு உட்காருபவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் தேர்வைப் பாருங்கள்

ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியம் நடத்தும் பாராமெடிக்கல் தேர்வில் ஆப்டோமெட்ரிஸ்ட் பணியும் உண்டு. 2024 அறிவிப்பின்படி 90 நிமிடம், 100 கேள்வி. அதில் 70 கேள்வி நம் துறை சார்ந்தது. மீதி 30, பொது அறிவு, கணக்கு - தர்க்கம், பொது அறிவியல் என்று பத்துப் பத்தாகப் பிரியும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கண் மருத்துவ உதவியாளர் பணிக்கு ஆள் எடுக்கும்போது முறை வேறு. எதற்கு விண்ணப்பித்தாலும் அந்த அறிவிப்பை முழுசாகப் படித்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் சுருக்கத்தை நம்பாதீர்கள்.

உடற்கூறு என்று தனியாகக் கேட்கும் கேள்விகள் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒளிவிலகல் குறைபாடு, மாறுகண், குளுக்கோமா, கான்டாக்ட் லென்ஸ் என்று எதில் கேட்டாலும் அடியில் உடற்கூறுதான் இருக்கும். அதனால்தான் இதை முதலில் முடிக்கச் சொல்கிறேன்.

சொற்களை ஒரு நாளில் சரிசெய்துவிடுங்கள்

நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இது. 'கருவிழி' என்றால் என்ன? வீட்டில் கேட்டால் கண்ணில் கறுப்பாகத் தெரியும் பகுதி முழுவதும். கண்தான விளம்பரத்தில் கார்னியா. இன்னோர் இடத்தில் ஐரிஸ். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் கார்னியாவுக்குக் கருப்பு என்று பெயர் வந்ததே பின்னால் இருக்கும் ஐரிஸின் நிறத்தால்தான். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் இந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனவே கார்னியா, ஸ்கிளீரா, ஐரிஸ், சிலியரி பாடி, கோராய்டு, ரெட்டினா என்று ஓபிடியில் (புறநோயாளிப் பிரிவில்) புழங்கும் பெயர்களையே பிடித்துக்கொள்ளுங்கள். கேள்வியிலும் அவைதான் வரும். நோயாளியிடம் பேசும்போது பியூபிலைப் பாப்பா, ரெட்டினாவை விழித்திரை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கண்

படிக்கத் தொடங்கும் முதல் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள். கறிக்கடையில் போய், "பாய், ரெண்டு கண்ணு மட்டும் எடுத்துத் தருவீங்களா, படிக்கிறதுக்கு" என்றால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். எனக்குக் காசுகூட வாங்கவில்லை. கையுறை, புது பிளேடு, சின்னக் கத்தரி, ஒரு தட்டு போதும். உங்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சொல்கிறேன் ஏன் என்று.

முதலில் வெளியே ஒட்டியிருக்கும் கொழுப்பையும் தசையையும் நறுக்கி எடுங்கள். பின்பக்கம் வெள்ளையாக ஒரு தண்டு நிற்கும், அதுதான் பார்வை நரம்பு. அது கண்ணின் நட்டநடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருப்பதைக் கவனியுங்கள். மனிதக் கண்ணில் அது மூக்குப் பக்கம் தள்ளியிருக்கும். நரம்பு வெளியேறும் ஆப்டிக் டிஸ்க், கூர்மையாகப் பார்க்கும் மேக்குலாவுக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வி வரும்போது இந்தத் தண்டு ஞாபகம் வரும்.

அடுத்து கார்னியாவைப் பாருங்கள். ஆடு அறுத்து நேரமாகியிருந்தால் அது மங்கலாக, பால் கலந்த மாதிரி இருக்கும். எண்டோதீலியம் உயிரோடு இருக்கும்வரை ஸ்ட்ரோமாவிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும். அந்த இறைப்பு நின்றதும் ஸ்ட்ரோமா ஊறி மங்கிவிடுகிறது. வளர்ந்த மனிதருக்கு ஒரு சதுர மி.மீ.க்கு 2500 முதல் 3000 எண்டோதீலியல் செல்கள் இருக்கும். இவை பெருகாது. ஒன்று செத்தால் பக்கத்துச் செல் பரவி அந்த இடத்தை அடைக்கும். கண்புரை அறுவைக்குமுன் ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்ப்பது எதற்கு என்று இப்போது யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கார்னியாவின் ஓரத்தில் பிளேடை வைத்ததும் தண்ணீர் பீச்சும். கண்ணாடி போடச் சொன்னது அதற்குத்தான். அது அக்வஸ், கண்ணின் முன்பகுதியில் நிறைந்திருக்கும் நீர். பிறகு கண்ணின் நடு வட்டத்தில் சுற்றிலும் வெட்டி இரண்டாகப் பிரியுங்கள். வெள்ளை வெளிச்சுவரான ஸ்கிளீரா லேசில் வெட்டுப்படாது, செருப்புத் தோல் மாதிரி இருக்கும். உள்ளே ஜெல்லி போல விட்ரியஸ், அதன் முன்னால் கோலிக்குண்டு மாதிரி லென்ஸ். லென்ஸைக் கழுவி தினத்தாள்மேல் வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். தலைக்கறிக் குழம்பில் வெந்த கண்ணில் வெள்ளை உருண்டையாக வருவதும் இதே லென்ஸ்தான், சூட்டில் புரதம் மாறி வெளுத்துப்போகிறது. லென்ஸ் இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பாக விசிறி மடிப்பு தெரிந்தால் அது சிலியரி பாடி. மனிதருக்கு இந்த மடிப்புகள் 70 முதல் 80.

இனி பின்பாதி. சாம்பல் நிறத்தில் ஈரமான டிஷ்யூ பேப்பர் போல ஒன்று நழுவிக்கொண்டிருக்கும். அதுதான் ரெட்டினா. இடுக்கியால் மெல்ல இழுத்தால் எல்லா இடத்திலும் உரிந்து வந்துவிட்டு ஒரே புள்ளியில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் புள்ளி ஆப்டிக் டிஸ்க். ரெட்டினா உறுதியாக ஒட்டியிருப்பது இரண்டு இடங்களில், பின்னால் டிஸ்க், முன்னால் ஓரா செர்ரேட்டா. முன்பக்கத்தை நீங்கள் ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள். ரெட்டினல் டிட்டாச்மென்ட் பாடத்தில் மூன்று பக்கம் படித்தும் மண்டையில் ஏறாதது, அந்த ஒரு இழுப்பில் எனக்கு ஏறியது.

உரித்த இடத்தில் நீலப்பச்சையாக மினுங்கும் ஒரு பகுதி இருக்கும். அது டபீட்டம். இரவில் டார்ச் அடித்தால் ஆட்டின் கண் மின்னுவது அதனால்தான். மனிதருக்கு அது கிடையாது, ஆட்டுக்கு மனிதரைப் போன்ற ஃபோவியா (மேக்குலாவின் நடுக்குழி) கிடையாது, ஆட்டின் பாப்பா படுக்கைவாட்டு. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் ஆட்டுக்கண் உங்களைக் குழப்பாது.

ஒளியின் பின்னால் போங்கள்

இதற்குமேல் புத்தகம். ஆனால் அத்தியாய வரிசையில் படிக்காமல், கண்ணுக்குள் எது எந்த வழியாகப் போகிறது என்று பின்தொடர்ந்து படியுங்கள். முதல் பயணி ஒளி.

காற்றின் ஒளிவிலகல் எண் 1. கார்னியா 1.376, அக்வஸ் 1.336, லென்ஸ் சராசரியாக 1.39க்குப் பக்கம், விட்ரியஸ் 1.336. கார்னியாவைவிட லென்ஸின் எண்தானே அதிகம், பிறகு ஏன் கண்ணின் மொத்த ஒளிவிலக்குத் திறனான சுமார் 60 டயாப்டரில் 43 கார்னியாவுக்குப் போகிறது? ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். முன்பரப்பின் வளைவு ஆரம் 7.7 மி.மீ. என்றால், 1.376லிருந்து 1ஐக் கழித்து 0.0077ஆல் வகுக்க 48.83 டயாப்டர். பின்பரப்பில் கார்னியாவிலிருந்து அக்வஸுக்குப் போகும்போது வித்தியாசம் 0.04தான், ஆரம் 6.8 மி.மீ., ஆகவே கழித்தல் 5.88. கூட்டினால் 43க்கு வந்துவிடும். காற்றுக்கும் கார்னியாவுக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாம். லென்ஸோ இரண்டு பக்கமும் தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கிணற்றுக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதும் இதே கணக்குதான். அங்கே காற்று போய்த் தண்ணீர் வந்துவிடுகிறது. இந்த ஆரங்கள் குல்ஸ்ட்ராண்டின் மாதிரிக் கண்ணிலிருந்து வந்தவை. 1911இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற கண் மருத்துவர் அவர்.

கார்னியாவின் அளவுகளையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். குறுக்கே 11.7 மி.மீ., நெடுக்கே சுமார் 11. நடுவில் அரை மி.மீ.க்குச் சற்று அதிகம், ஓரத்தில் இன்னும் தடிப்பு. நடுதான் மெல்லியது என்பதைத் திருப்பிப் போட்டுக் கேட்பார்கள். டுவா அடுக்கு என்று ஒன்றை 2013இல் அறிவித்ததிலிருந்து சிலர் ஆறு அடுக்கு என்கிறார்கள். கொடுத்திருக்கும் விடைகளில் டுவா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஐந்தா ஆறா என்று முடிவுசெய்யுங்கள்.

தண்ணீரின் பின்னால்

அக்வஸ் பிறப்பது சிலியரி மடிப்புகளின் நிறமியில்லாத எபிதீலியத்தில். அங்கிருந்து பின்னறை, பாப்பா, முன்னறை, ட்ரபெக்குலர் மெஷ்வொர்க், ஷ்லெம் கால்வாய், எபிஸ்கிளீரல் சிரை, அதாவது ரத்தக்குழாய் என்று போகும். சிரையை ஊரில் நரம்பு என்று சொல்வதால் இங்கேயும் ஒரு குழப்பம் வரும், உஷார். பெரும்பங்கு இந்த வழியில் போகும், மீதி யுவியோஸ்கிளீரல் வழியில். நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் சுரக்கிறது. முன்னறையின் கொள்ளளவு 0.25 மி.லி. அதாவது 250 மைக்ரோலிட்டர். வகுத்தால் முன்னறைத் தண்ணீர் முழுவதும் மாற 100 முதல் 125 நிமிடம் ஆகும்.

இந்தப் பாதையில் ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்து, "இங்கே அடைத்தால்?" என்று கேளுங்கள். பாப்பாவில் அடைத்தால் ஐரிஸ் முன்னால் உப்பி, கார்னியாவுக்கும் அதற்கும் இடையிலுள்ள மூலையான ஆங்கிளை மூடும். அதனால்தான் ஐரிஸில் லேசரால் ஓட்டை போடுகிறார்கள். மெஷ்வொர்க்கில் அடைத்தால் ஆங்கிள் திறந்திருக்கும்போதே அழுத்தம் ஏறும். கோனியோஸ்கோப்பில் தெரியும் வரிசையையும் சேர்த்துப் பழகுங்கள்: முன்னாலிருந்து பின்னால் ஷ்வால்பே கோடு, மெஷ்வொர்க், ஸ்கிளீரல் ஸ்பர், சிலியரி பாடி பட்டை.

கண்ணீர் சுலபம். சொட்டு மருந்து போட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கும், இல்லையா? இமை ஓரத்துத் துளையான பங்டம், கேனலிகுலஸ், லேக்ரிமல் பை, நேசோலேக்ரிமல் குழாய், மூக்கின் கீழ் மியேட்டஸ். கசப்பு போன வழியே விடை. கண்ணீர்ப் படலத்தில் எண்ணெய் இமையிலுள்ள மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து, மியூசின் காப்லெட் செல்களிலிருந்து.

ரெட்டினாவின் பத்து அடுக்கு

இதை மனப்பாடம் செய்ய முயன்றுதான் நான் ஒரு வாரம் வீணாக்கினேன். மூன்று நரம்புச் செல்கள் டிபன் கேரியர் தட்டுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபோட்டோரிசெப்டர், பைபோலார், கேங்லியன். செல்லின் உட்கரு இருக்கும் இடம் நியூக்ளியர் அடுக்கு, இரண்டு செல்கள் கைகோக்கும் இடம் பிளெக்ஸிபார்ம் அடுக்கு. எனவே வெளியிலிருந்து உள்ளே வெளி நியூக்ளியர், வெளி பிளெக்ஸிபார்ம், உள் நியூக்ளியர், உள் பிளெக்ஸிபார்ம், கேங்லியன். ஐந்து வந்துவிட்டது. கேங்லியனின் வால்கள் சேர்ந்து நெர்வ் ஃபைபர் அடுக்கு, அதை மூடும் உள் எல்லைச் சவ்வு, ஏழு. வெளிப்பக்கம் வெளி எல்லைச் சவ்வு, ராட் - கோன் அடுக்கு, கடைசியாக நிறமி எபிதீலியம். பத்து.

ரத்தமும் இதே டிபன் கேரியரில் இரண்டாகப் பிரியும். வெளித் தட்டுகளுக்குக் கோராய்டு கொடுக்கிறது, உள் தட்டுகளுக்கு மத்திய ரெட்டினல் தமனி. அந்தத் தமனி அடைத்தால் உள் தட்டுகள் வெளுத்து வீங்கும். ஃபோவியாவின் நடுவில் உள் தட்டுகளே கிடையாது, அதனால் கோராய்டின் சிவப்பு அங்கே மட்டும் தெரியும். செர்ரி ரெட் ஸ்பாட் என்று தனியாக மனப்பாடம் செய்ததை இனி மறந்துவிடலாம். ராட் சுமார் 12 கோடி, கோன் 60 லட்சத்துக்குச் சற்று மேல். மிலியன் கணக்கில் கேட்பார்கள், கோடியிலிருந்து மாற்றும்போது ஒரு சுழியத்தை விட்டுவிடாதீர்கள்.

நரம்பும் தசையும்

கண்ணை அசைக்கும் தசைகளில் லேட்டரல் ரெக்டஸுக்கு 6ஆம் நரம்பு, சுப்பீரியர் ஆப்லிக்குக்கு 4ஆம் நரம்பு, மற்றதெல்லாம் 3. இது எல்லோருக்கும் தெரியும், அதனால் இதை நேராகக் கேட்க மாட்டார்கள். மூளைத்தண்டின் பின்பக்கம் வெளியே வரும் ஒரே மண்டை நரம்பு எது என்று கேட்பார்கள். 4ஆம் நரம்பு. கண்குழியான ஆர்பிட்டின் நுனியில் தொடங்காத தசை எது என்பார்கள். இன்ஃபீரியர் ஆப்லிக், அது ஆர்பிட்டின் தரையிலிருந்து வருகிறது.

செயல்களுக்கு ஒரு வழி. நேர் மேலும் கீழும் இழுக்கும் நான்கு தசைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சுப்பீரியர் என்று தொடங்கினால் உள்பக்கச் சுழற்சி, இன்ஃபீரியர் என்றால் வெளிப்பக்கச் சுழற்சி. ரெக்டஸ் என்று முடிந்தால் மூக்கை நோக்கி, ஆப்லிக் என்று முடிந்தால் காதை நோக்கி. மேல் கீழ் மட்டும் ஆப்லிக்குக்குத் தலைகீழ்: சுப்பீரியர் ஆப்லிக் கண்ணைக் கீழே இறக்கும்.

சுப்பீரியர் ஆர்பிட்டல் பிளவில் தசைநார் வளையத்துக்கு வெளியே போகும் நரம்புகள் எவை என்பது இன்னொரு நிரந்தரக் கேள்வி. மருத்துவமனையில் தினமும் கேட்கும் எல்எஃப்டி (கல்லீரல்) பரிசோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்: லேக்ரிமல், ஃபிரான்டல், ட்ராக்லியர். மீதி உள்ளே.

பார்வைப் பாதையை மட்டும் படம் போடாமல் படிக்க முடியாது. இரண்டு நிறப் பேனா எடுங்கள். ரெட்டினாவின் மூக்குப் பக்க இழைகள் ஒரு நிறம், காதுப் பக்க இழைகள் இன்னொரு நிறம். மூக்குப் பக்க நிறம், இரண்டு பார்வை நரம்புகளும் சந்திக்கும் கயாஸ்மாவில் எதிர்ப்பக்கம் தாண்டும். மூக்குப் பக்க ரெட்டினா பார்ப்பது காதுப் பக்கக் காட்சியை. ஆகவே பிட்யூட்டரி கட்டி கயாஸ்மாவின் நடுவை அழுத்தினால் இரண்டு கண்ணிலும் காதுப் பக்கக் காட்சி போகும். தினமும் காலையில் டீ ஆறுவதற்குள் இந்தப் படத்தை ஒரு தடவை போட்டு, ஏதாவது ஓரிடத்தில் கோடு கிழித்து என்ன போகும் என்று சொல்லிப் பாருங்கள். பத்து நாளில் கை தானாகப் போடும்.

கருவியலை இந்தக் கட்டத்தில் ஒரு மணி நேரத்தில் பார்த்தால் போதும். ரெட்டினா நியூரோஎக்டோடெர்ம், லென்ஸும் கார்னியாவின் எபிதீலியமும் சர்ஃபேஸ் எக்டோடெர்ம், ஸ்ட்ரோமாவும் எண்டோதீலியமும் நியூரல் கிரெஸ்ட். ஐரிஸின் இரண்டு தசைகளும் நியூரோஎக்டோடெர்மிலிருந்து வருவது மட்டும் விசித்திரம், அதனாலேயே கேட்பார்கள்.

எண்களுக்குத் தனி நோட்டு

ஒரு பயிற்சி மையத்தில் வாங்கிய அச்சுக் குறிப்பில் ரெக்டஸ் தசைகள் ஒட்டும் தூரங்கள் இரண்டு இடத்தில் மாறியிருந்தன. அதை நம்பி ஒரு மாதம் ஒப்பித்தேன். அதற்குப் பிறகு கல்லூரிப் பாடநூல் ஒன்றை வைத்துச் சரிபார்க்காத எந்த எண்ணையும் நோட்டில் ஏற்றுவதில்லை. புத்தகத்துக்குப் புத்தகம் எண் கொஞ்சம் மாறும். விட்ரியஸ் 4 மி.லி., கண்ணின் மொத்தக் கொள்ளளவு சுமார் 6.5, ஆர்பிட் 30 என்று ஒரு தொகுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, விடைகளில் அதற்கு மிகப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எண்களை ஒப்பிட்டுத்தான் எழுத வேண்டும். கண்ணின் முன்பின் நீளம் பெரியவருக்கு 24 மி.மீ., பிறந்த குழந்தைக்கு 17க்குப் பக்கம். ஸ்கிளீரா பின்னால் 1 மி.மீ. தடிப்பு, ரெக்டஸ் ஒட்டுமிடத்தின் பின்னால் 0.3 மட்டும், அங்குதான் மிக மெல்லியது. பார்வை நரம்பு மொத்தம் ஏறக்குறைய 5 செ.மீ., அதில் கண்ணுக்குள் 1 மி.மீ.தான்.

பழைய வினாத்தாளைப் போடும்போது சரியான விடையை டிக் அடித்துவிட்டு நகராதீர்கள். மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒரு கேள்வி நான்கு கேள்வியாகிவிடும். ஒரு நாளைக்குப் பதினைந்து கேள்விக்கு மேல் ஓடாது, ஓடவும் வேண்டாம்.

கழித்தல் மதிப்பெண்ணையும் கணக்குப் போட்டுவிடலாம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நான்கு முறைக்கு ஒரு மதிப்பெண் வரும், மூன்று முறை மூன்றில் ஒன்று போகும். மிச்சம் சுழியம். ஒரே ஒரு விடையை உறுதியாகத் தள்ளிவிட முடிந்தாலே கணக்கு லாபத்துக்கு வந்துவிடும். அதனால் ஒன்றையும் தள்ள முடியாத கேள்வியை விட்டுவிடுங்கள், இரண்டைத் தள்ளிவிட்டால் தயங்காமல் அழுத்துங்கள்.

தேர்வு அறையில் கணக்குப் போட வெள்ளைத்தாள் தருவார்கள். கடிகாரம் ஓடத் தொடங்கியதும் முதல் நிமிடத்தில் அதன் மூலையில் 5.5, 6.5, 6.9, 7.7 என்று எழுதிவிடுங்கள். மீடியல், இன்ஃபீரியர், லேட்டரல், சுப்பீரியர் ரெக்டஸ்கள் லிம்பஸிலிருந்து (கார்னியாவின் ஓரத்திலிருந்து) ஒட்டும் தூரம், மி.மீ. கணக்கில். பக்கத்தில் பார்வைப் பாதையின் படம், சின்னதாக, ஒரே பேனாவில். நாற்பதாவது கேள்விக்கு மேல் தலை சுற்றும்போது அந்த மூலையைப் பார்த்துக்கொள்ளலாம்.